எவ்வளவுன்னு கேளுங்க சார்!

போன வாரம் அக்கா பையன் போன் செய்தான். பத்தாவது கல்யாண நாளுக்கு மனைவியோடு பாரிஸ் போகிறானாம். விசா வந்துவிட்டது. டிக்கெட் போட்டாச்சு. ஈஃபில் டவருக்கு மணி நேரம் குறித்து புக் பண்ணியாச்சு. ''மாமா, ஒரு நாள் லா டூர் டார்ஜான்ல சாப்பிடலாம்னு இருக்கோம். ஒயின் லிஸ்ட்டே 400 பக்கமாம். அங்க எப்படி ஆர்டர் பண்றதுன்னு சொல்லித்தர ஒரு கோர்ஸ் இருக்கு. சேரட்டுமா?''

கோர்ஸ்! காசு கொடுத்துச் சாப்பிடப் போகிறவன், அதற்கு முன்னால் காசு கொடுத்துப் பாடம் படித்துவிட்டுப் போக வேண்டுமாம்.

பையன் முட்டாள் இல்லை. நாற்பது பேர் வேலை பார்க்கும் டீமுக்கு அவன் மேனேஜர். கார் வாங்கப் போனால் ஷோரூம்காரரை அழ வைத்து ஆயிரம் ரூபாய் குறைப்பவன். அவனுக்கே ஒரு புத்தகத்தைப் பார்த்து வயிறு கலங்குகிறது என்றால், தப்பு அவனிடம் இல்லை. அந்தக் கலக்கத்தை வைத்துப் பிழைக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லா டூர் டார்ஜான் என்றால் வெள்ளிக் கோபுரம். செய்ன் நதிக்கரையில், ஆறாவது மாடியில் சாப்பாட்டு ஹால். ஜன்னலுக்கு வெளியே நோத்ர தாம் தேவாலயம். 1582லிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆதாரம் கேட்டால் சரித்திரக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், போகட்டும். 1890லிருந்து அங்கே பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. சாப்பிட்டவருக்கு அந்த நம்பர் போட்ட அட்டை தருவார்கள். 2003ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. வாத்துக்கே இவ்வளவு சரியாகக் கணக்கு வைத்திருக்கிறவர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிஷலின் கைடு கொடுத்திருந்த மூன்று நட்சத்திரங்களில் ஒன்று 1996ல் போனது, இன்னொன்று 2006ல் போனது. அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. காரணம், கட்டடத்துக்குக் கீழே இருக்கும் நிலவறை. சுமார் 3 லட்சம் பாட்டில் ஒயின். 1940ல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தபோது, முதலாளி குடும்பம் நல்ல சரக்கையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, குறுக்கே சுவர் எழுப்பி மறைத்தது. இந்தக் கதையைக் கேட்டால் எனக்கே கைதட்டத் தோன்றும். ஆகவே நான் அந்த ரெஸ்டாரன்ட்டைத் திட்டப் போவதில்லை. அதன் முன்னால் நாம் நிற்கும் நிலையைத்தான் திட்டப் போகிறேன்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பெருமையான விஷயமில்லை.

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பிய நகரம் ஒன்றில், ஒயினுக்குப் பேர்போன ரெஸ்டாரன்ட் ஒன்றுக்கு மனைவியோடு போனேன். பெயர் வேண்டாம். அவள் குடிக்க மாட்டாள். எனக்காகத்தான் வந்தாள். ஒயின் பரிமாற என்றே தனியாக ஒருவர் இருப்பார், சொமெலியே என்பார்கள். வந்தார். லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழிப்பதைப் பார்த்தார். மிக மிக மரியாதையாக, ''நான் ஒன்று தேர்ந்தெடுக்கலாமா?'' என்றார். தலையாட்டினேன். எவ்வளவு என்று கேட்க வாய் வரை வந்தது. வாயிலேயே நின்றது. அவர் பக்கத்து டேபிளில் நின்றிருந்தவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? அவ்வளவுதான். அந்த ஒரு விநாடிக்குத்தான் பில் வந்தது.

மூன்று ராத்திரி ஓட்டல் வாடகையைவிட அதிகம். மகளுக்குக் காமிரா வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். அந்தப் பணம் அங்கேயே போயிற்று. வெளியே வந்து பாலம் வரை என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ''எவ்ளோன்னு கேட்டா தலையையா சீவிடுவான்?''

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்டிங்கில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன். பதில் இல்லை.

நம்மை இப்படிச் சுருங்க வைப்பது மூன்று விஷயங்கள். அவார்டு, மவுனம், நம்முடைய சொந்த நாக்கின் மேல் நமக்கே இருக்கும் சந்தேகம்.

அவார்டை எடுத்துக்கொள்வோம். 'உலகப் புகழ்பெற்ற ஒயின் லிஸ்ட்' என்று வாசலில் பலகை இருந்தால் நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையாத குறைதான். 2008ல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்கர் ஒரு வேலை செய்தார. இத்தாலியின் மிலான் நகரத்தில் 'ஓஸ்தெரியா லின்ட்ரெபிதோ' என்று ஒரு ரெஸ்டாரன்ட் இருப்பதாகக் கற்பனை செய்தார். மெனு எழுதினார், ஒயின் லிஸ்ட் தயாரித்தார், 250 டாலர் கட்டணம் கட்டி 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் ரெஸ்டாரன்ட் அவார்டுக்கு விண்ணப்பித்தார். அவார்டு வந்துவிட்டது. இல்லாத ரெஸ்டாரன்ட்டுக்கு! அதிலும் லிஸ்ட்டின் விலை உயர்ந்த பகுதியில் அவர் போட்டிருந்தது, அதே பத்திரிகை முன்பு மோசம் என்று மார்க் போட்ட ஒயின்களை. பத்திரிகை தரப்பில், நாங்கள் பல தடவை போன் செய்தோம், மெஷின்தான் பேசியது என்றார்கள். அது மூன்று படிகளில் கீழ்ப்படி அவார்டுதான் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இருக்கட்டும். கட்டணம் மட்டும் மெஷின் கட்டவில்லையே.

அடுத்தது மவுனம். விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? பழைய பாணி ரெஸ்டாரன்ட்களில் பெண்களுக்கு விலை போடாத மெனு கொடுக்கும் வழக்கம் இருந்தது. கூட வந்த ஆம்பளை கையில் இருக்கும் மெனுவில் மட்டும் விலை இருக்கும். 1980ல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு பெண், தன் தொழில் பார்ட்னரை விருந்துக்கு அழைத்துப்போனார். பணம் தரப்போவது அவர். விலையில்லாத மெனு வந்ததும் அவருக்குத்தான். கோர்ட்டுக்குப் போய்விட்டார். ரெஸ்டாரன்ட் அந்த வழக்கத்தையே கைவிட்டது. நமக்கு இன்று விலை போட்ட மெனுதான் தருகிறார்கள். ஆனால், விலையைப் பார்க்காத மாதிரி நடிப்பதை நாமே பழகிக்கொண்டோம்.

மூன்றாவதுதான் பெரிய வியாதி. 'எனக்கு டேஸ்ட் தெரியாது சார், நான் என்ன கண்டேன்' என்கிறோம். தெரிந்தவர்களின் லட்சணத்தைக் கேளுங்கள்.

நியூயார்க்கில் பால்தஸார் என்று ஒரு ரெஸ்டாரன்ட். அதன் முதலாளி கீத் மெக்நாலி 2020ல் சொன்ன பழைய சம்பவம் இது. வால் ஸ்ட்ரீட் ஆட்கள் நாலு பேர், 2,000 டாலருக்கு 1989ம் வருடத்து மூத்தோன் ரோத்ஷில்ட் கேட்டார்கள். இன்னொரு டேபிளில் ஓர் இளம் ஜோடி, இருப்பதிலேயே மலிவான 18 டாலர் பினோ நுவார். இரண்டையும் ஒரே மாதிரி கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றினார்கள். குடுவை மாறிப்போச்சு. வால் ஸ்ட்ரீட் ஆசாமி 18 டாலர் ஒயினைச் சுழற்றி, முகர்ந்து, ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டார். அந்த ஜோடியோ, 2,000 டாலர் சரக்கைக் குடித்தபடி, ஏதோ ரொம்ப விலை உயர்ந்ததைக் குடிக்கிற மாதிரி விளையாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தது! முதலாளி வந்து உண்மையைச் சொன்னதும், இது மூத்தோன் இல்லை என்று எனக்கு அப்பவே தோன்றியது என்றாராம் வால் ஸ்ட்ரீட்காரர்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். 2008ல் கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் சிலரை ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்து, ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றும், இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது ருசி அதிகம் என்றார்கள். மூளையில் இன்பத்தைப் பதிவு செய்யும் பகுதியும் நிஜமாகவே அதிகம் துடித்தது. அதாவது, விலைச்சீட்டுக்கும் ருசி உண்டு. அதை நீங்கள் காசு கொடுத்துத்தான் குடிக்கிறீர்கள்.

இப்போது கணக்கு. என் ஏரியா.

பொதுவாக மேலைநாட்டு ரெஸ்டாரன்ட்களில் வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்குக்கு ஒயின் விற்பது சகஜம். ஒரு கிளாஸ் விற்றால் பாட்டில் அசலே வந்துவிடும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். சாப்பாட்டில் மார்ஜின் கம்மி. கிச்சன், ஆள் சம்பளம், வாடகை எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது பாட்டில்தான். இதில் தப்பில்லை. பழைய ஒயினுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 20 யூரோவுக்கு வாங்கிய பாட்டிலை 20 வருஷம் இருட்டில் படுக்கப் போட்டால், 5 சதவிகிதக் கூட்டு வட்டியில் அதன் அடக்கமே 53 யூரோ ஆகிவிடும். லாபம் அதற்கு மேல்தான்.

ஆனால் டூர் டார்ஜான் கணக்கையே பாருங்கள். 2009ல் இடம் காலி செய்ய 18,000 பாட்டில்களை ஏலம் விட்டார்கள். 15 லட்சம் யூரோவுக்கு மேல் வந்தது. அதாவது பாட்டிலுக்குச் சராசரியாக எண்பது சொச்சம் யூரோ. 2024 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. சரக்கு இருப்பைச் சரிபார்த்தபோது எண்பது சொச்சம் பாட்டில்களைக் காணவில்லை. மதிப்பு? அதே 15 லட்சம் யூரோ! பாட்டிலுக்குச் சுமார் 18,000 யூரோ. இதற்கு முன் ஸ்டாக் எடுத்தது 2020ல். வாத்துக்கு நம்பர் போட்டு எண்ணுகிற இடத்தில், வருடக்கணக்கில் அந்த பாட்டில்கள் இல்லாதது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? எவரும் அதை வாங்கிக் குடிக்கக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. அவை ஒயின் இல்லை சார். அலங்காரம். நானூறு பக்கத்தில் பாதி, நம்மைப் பயமுறுத்துவதற்கென்றே அச்சடித்தது. பதினெட்டாயிரத்தைப் பார்த்துவிட்டு இருநூறைப் பார்த்தால், இருநூறு சல்லிசாகத் தெரியும். ஜவுளிக்கடையில் முதல் புடவையாக எதை எடுத்துப் போடுவார்கள் என்று யோசியுங்கள்.

இதற்குப் பயந்து, கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று நடுவில் இருக்கும் விலையில் விரலை வைக்கிறோம். லண்டனில் 200க்கும் மேற்பட்ட ரெஸ்டாரன்ட் லிஸ்ட்களைப் பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து 2021ல் வெளியிட்டார்கள். மார்ஜின் சதவிகிதம் அதிகமாக இருப்பது எங்கே தெரியுமா? சரியாக அந்த நடுப் பகுதியில்! நம் மானத்துக்கு எவ்வளவு தேறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர்கள் தரப்பில் இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது, கவனித்தீர்களா? டேபிள் ரிசர்வ் பண்ணும்போதே கிரெடிட் கார்டு நம்பர் கேட்கிறார்கள். வராவிட்டால் இவ்வளவு பிடிப்போம் என்று எழுத்தில் போடுகிறார்கள். சிகாகோவில் நெக்ஸ்ட் என்ற ரெஸ்டாரன்ட் 2011லேயே சினிமா டிக்கெட் மாதிரி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்க ஆரம்பித்தது. காலி நாற்காலி நஷ்டம்தான், நான் ஒப்புக்கொள்கிறேன். காசைப் பற்றி அவர்கள் வாய் திறந்து பேசலாம், நாம் பேசினால் பட்டிக்காடா?

ஆகவே பையனிடம் சொன்னேன். கோர்ஸ் வேண்டாம். மதியம் போ. இந்த மாதிரி இடங்களில் மதியச் சாப்பாடு ராத்திரியைவிடக் கம்மி. அதே ஜன்னல், அதே நதி, வெளிச்சமும் இருக்கும். 2019ல் எரிந்த நோத்ர தாம் 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், பகலில்தான் நன்றாகத் தெரியும். கிளம்புவதற்கு முன் ஓட்டல் ரூமிலேயே உன் மனைவியோடு பேசி ஒரு தொகை முடிவு பண்ணு. சொமெலியே வந்ததும் லிஸ்ட்டைத் திறக்காதே. வாத்து சாப்பிடப் போகிறோம், ஒயினுக்கு இவ்வளவு யூரோதான், இதற்குள் உங்களுக்குப் பிடித்ததைக் கொண்டுவாருங்கள் என்று சொல். நல்ல சொமெலியே என்றால் முகம் மலரும். சின்னத் தொகைக்குள் பிரமாதமான பாட்டிலைத் தேடிப் பிடிப்பதில்தான் அவன் வித்தையே இருக்கிறது. முகம் சுளித்தால் தண்ணீர் கேள். பிரான்ஸில் சாப்பிடுபவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசம், சட்டமே இருக்கிறது. சர்வீஸ் சார்ஜும் விலைக்குள் அடக்கம்.

(மதுவைப் பற்றி எழுதலாமா என்று கடிதம் போட உட்கார்ந்திருப்பவர்களுக்கு: மேலே தண்ணீர் பற்றி எழுதியிருப்பதையும் தயவுசெய்து படிக்கவும்.)

எல்லாம் கேட்டுக்கொண்டு, ''சரி மாமா, ஆனா எவ்வளவுன்னு ஃப்ரெஞ்ச்ல எப்படிக் கேக்கறது?'' என்றான். ''கொம்பியான்'' என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

''மொதல்ல ஏதாவது காய்கறிக் கடையில கேட்டுப் பழகிக்கவா மாமா?''

பின்னாலிருந்து என் மனைவி போனைப் பிடுங்கினாள். ''பழகிக்கோடா. உங்க மாமாவும் அன்னிக்கு அதைப் பண்ணியிருக்கணும்.''