பார்க்கப் போகிறோம், பார்த்துக்கொள்வது யார்?



இக்கட்டுரை சிலருக்குக் கசக்கும். உறவினர் எவரேனும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டவுடன், ஒரு டின் மைலோவும் நான்கு ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு புறப்படுகிற நம் மக்களுக்கு மிகவும் கசக்கும். நானும் அவ்வாறு புறப்பட்டவள்தான். ஆகவே, குற்றவாளிக் கூண்டில் முதலில் என்னையே நிறுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். நன்றாகப் படிப்பவள், கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுபவள். ஒரு திங்கட்கிழமை முதல் அவள் வரவில்லை. மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் பள்ளி முதல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் என்பது பெற்றோர் அனைவரும் அறிந்ததே. கடிதம் போயிற்று. பதில் இல்லை. இரண்டாம் வாரம் நானே வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்தவள் அம்மாணவியே. கையில் துணி அலசிய ஈரம். உள்ளே அவள் தாயார் வயிற்றில் தையலோடு படுத்திருந்தார். பெரிய அறுவை. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார்.

"பார்க்க யாரும் வரவில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"நிறையப் பேர் வந்தாங்க டீச்சர். மருத்துவமனையில கட்டிலைச் சுத்தி நிக்க இடமில்ல. தாதிகூட ஏசினாங்க" என்றார் அந்தத் தாய், சற்றுப் பெருமையாகவே.

"வீட்டுக்கு வந்த பிறகு?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

இதுதான் என் வழக்கு. நம் சமுதாயம் நோயாளியைப் பார்க்கப் போகிறது, பார்த்துக்கொள்வதில்லை. அந்தப் பொறுப்பைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தலையில் இறக்கிவிட்டு, 'நாங்கள் போய்ப் பார்த்துவிட்டோம்' என்று மனநிறைவோடு திரும்புகிறது.

கோலா குபு பாரு வட்டாரத்து மக்களுக்கு இதன் சிரமம் நன்கு தெரியும். ஊரில் மாவட்ட மருத்துவமனை உண்டு. ஆனால், பெரிய அறுவை என்றால் பெரும்பாலும் செலாயாங்குக்கோ சுங்கை பூலோவுக்கோதான் போக வேண்டும். கெர்லிங், களும்பாங், ராசா, பத்தாங் காலி, உட்பகுதித் தோட்டங்கள் எனப் பல இடங்களிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மூன்றாம் வகுப்புக் கட்டிலுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்பதால் மருத்துவமனைக் கட்டணம் பெரும்பாலோரை ஒடித்துவிடுவதில்லை. ஒடிப்பது போக்குவரத்தும் இழந்த வேலை நாள்களும்தாம். அத்தனை சிரமப்பட்டுப் போகிறோமே, போய் என்ன செய்கிறோம்?

ஈராண்டுகளுக்கு முன்னர் எனக்குக் கருப்பை நீக்க அறுவை நடந்தது. கட்டிலில் கிடந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. மறுநாள் காலையே தாதி வந்து என்னை எழுந்து நடக்கச் சொன்னார். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமவும், மூச்சை ஆழ இழுத்துவிடவும் கற்றுக்கொடுத்தார். வலித்தது. ஆயினும் காரணம் இருக்கிறது. அசையாமல் படுத்திருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சை ஆழ இழுக்காவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தங்கி நிமோனியா வரும். அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் நோயாளியை விரைவில் எழுப்பி நடக்க வைக்கவே முனைகிறார்கள்.

மாலை 4.30 மணி ஆயிற்று. உறவுகள் வந்தன. நான் கட்டிலோரம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். "ஐயையோ, யாருடி உன்னை எழுந்திருக்கச் சொன்னது? தையல் பிரிஞ்சிடப் போவுது, படு!" என்று ஒரு பெரியம்மா என்னைப் படுக்க வைத்தார். இன்னொருவர் மருத்துவமனை தந்த முட்டையை எடுத்து ஒதுக்கி வைத்தார், சீழ் பிடிக்குமாம். மீனும் கூடாதாம். மூன்றாமவர், இதே அறுவை செய்துகொண்டு இறந்துபோன ஒருவரின் கதையை விரிவாகச் சொன்னார். அனைவரும் அழுதோம். ஏழு மணிக்கு மணி அடித்தது, போய்விட்டார்கள். அன்று நடக்க வேண்டிய இரண்டாம் நடை நின்றுபோயிற்று. அவர்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை. அந்த அன்பு எனக்குச் செய்த தீங்கிலும் ஐயமில்லை.

அடுத்த கட்டிலில் ஒரு மலாய்ப் பாட்டி. அவர் மருமகள் நாள்தோறும் ஒரு தூக்குச் சட்டியில் ஹாருவான் மீன் சாறு கொண்டுவருவார். நாம் விரால் என்கிறோமே, அதே மீன். அறுத்த புண் ஆற அதைக் கொடுப்பது அவர்கள் மரபு. ஒரே வார்டில், ஒரே வகை அறுவைக்கு, ஒரு பாட்டி மீன் தின்று தேறுகிறார். பக்கத்தில் நம் அம்மா மீனையும் முட்டையையும் பருப்பையும் ஒதுக்கிவிட்டு ரசமும் ரொட்டியும் மட்டும் உண்கிறார். புண் ஆறப் புரதச் சத்து வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். வீட்டுக்குள் அந்த அறிவியலுக்கு இடமில்லை. மருத்துவர் குறிப்பாக ஓர் உணவை விலக்கச் சொன்னால் விலக்குங்கள். பெரியம்மா சொன்னார் என்று விலக்காதீர்கள்.

கூட்டமாய்க் கூடி உருகுவது நமக்குப் புதிதன்று. 1984-ஆம் ஆண்டு இறுதியில் மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். அமெரிக்காவின் புருக்ளின் மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டதை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். தமிழகமெங்கும் மக்கள் கோயில்களில் வேண்டுதல் செய்தார்கள். அவர் மருத்துவமனையில் இருக்கும் காட்சிப்படத்தை அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலின்போது ஊரூராகத் திரையிட்டார்கள். மக்கள் திரண்டு பார்த்தார்கள். அத்தனை இலட்சம் பேர் பார்த்துக் கொண்டிருக்க, தம் சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி. அழுதவர்களின் எண்ணிக்கை நமக்கு நினைவிருக்கிறது. கொடுத்தவரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

"எங்கள் காலத்தில் இப்படியா இருந்தது?" என்று மூத்தோர் கேட்பார்கள். உண்மை, இப்படி இல்லை. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் ஆள் படுத்தால் பக்கத்து வீட்டில் சேர்த்துச் சமைத்தார்கள். பால்மரம் சீவப் போகாதவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்பினார். டிரசர் லயத்துக்கே வந்து கட்டு மாற்றினார். அங்கே பார்க்கப் போவதும் பார்த்துக்கொள்வதும் ஒன்றாகவே இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு சுவர்தான். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் புக்கிட் செந்தோசாவுக்கும் புக்கிட் பெருந்தோங்குக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத வாழ்க்கை வந்தது. லயத்து வழக்கத்தில் உழைப்புப் பகுதி உதிர்ந்து போக, சடங்குப் பகுதி மட்டும் நம்மோடு வேன் ஏறி வந்துவிட்டது. அந்த உழைப்பு விட்டுப்போன இடத்தில்தான் என் மாணவி நிற்கிறாள்.

ஏன் அவள்? வீட்டில் பதினாறு வயது அண்ணன் இருந்தான். அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். தந்தை வேலைக்குப் போனார்; போகத்தான் வேண்டும். சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா என்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் இருபது பேருக்கு மேல். அத்தனை பேரில் பள்ளியை விட்டு நிற்கத் தகுந்தவள் ஒரு சிறுமிதான் என்று யார் முடிவு செய்தார்கள்? யாரும் முடிவு செய்யவில்லை என்பதுதான் கொடுமை. அது தானாக நடந்துவிடுகிறது. 2003 முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம்; பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனையும் உண்டு. சட்டம் இருக்கட்டும். ஆறு வாரத்தில் தாய் தேறிவிடுவார். பின்னங்களும் இலக்கணமும் விட்டுப்போன பிள்ளை ஆறு வாரத்தில் தேறுமா?

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஆறு வாரம் என்பது 30 பள்ளி நாள். ஆறு உறவினர் முறை வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து நாள். வேலையில் ஈராண்டு நிறையாதவருக்கும் ஆண்டுக்கு எட்டு நாள் விடுப்பைத் தொழிற்சட்டம் தருகிறது. வேன் வாடகைக்கும் ஆப்பிளுக்கும் செலவிடுவதைச் சேர்த்தால் இரண்டு வாரத்துக்குச் சமைத்துக் கொடுக்க ஓர் ஆளையே அமர்த்தலாம். நம்மிடம் ஆளும் உண்டு, பொருளும் உண்டு. பகிர்ந்துகொள்ளும் பழக்கந்தான் இல்லை.

"பார்க்கப் போகாவிட்டால் உறவு என்ன நினைக்கும்?" என்பார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனித்துக் கிடப்பவருக்கு ஒரு முகம் மருந்துதான். எனக்கும் அது தேவைப்பட்டது. இருவர் இருவராகப் போங்கள், கால்மணி நேரம் இருங்கள், இறந்தவர் கதையைச் சொல்லாதீர்கள். நோயாளியின் கையைப் பிடித்துத் தாழ்வாரத்தில் ஒரு சுற்று நடக்கத் துணை செய்யுங்கள். அதைவிடப் பெரிய ஆப்பிள் இல்லை.

பெற்றோருக்கும் உறவினருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இவை:

1. அறுவைக்கு நாள் குறித்தவுடன், வீடு திரும்பிய பின் யார் எந்த நாள் துணையிருப்பது என்று எழுதி வையுங்கள். அப்பட்டியலில் பள்ளிப் பிள்ளையின் பெயர் இருக்கக்கூடாது. ஆண்களின் பெயர் இருக்க வேண்டும்.

2. வீடு திரும்பும் நாளில் தாதியிடம் நான்கு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன உண்ணலாம், எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வர வேண்டும்? மலாய் புரியாத மூத்தோராயின் புரிந்த ஒருவர் உடனிருங்கள்.

3. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பட்டமளிப்பு விழாவுக்குக் கூட்டுகிற ஆள் பலத்தில் கால்பங்கை இதற்கும் கூட்டட்டும். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல ஒரு மகிழுந்து போதும்.

4. ஆசிரியப் பெருமக்களே, எச்சரிக்கைக் கடிதத்தை அச்சிடும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் பத்து நாள் தாமதித்தேன். கடிதம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எண்ணினேன். அந்தப் பத்து நாள் என் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

அம்மாணவி மீண்டும் பள்ளிக்கு வந்தாள். ஓர் அத்தை முன்வந்தார். கேட்ட பிறகுதான் வந்தார், கேட்டவுடன் வந்தார். இவ்வளவு எளிதாக முடிந்திருக்க வேண்டியதை மூன்று வாரம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை ஆப்பிள் வாங்கக் கடையில் நிற்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளை இன்று பள்ளிக்குப் போனாளா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.