இரு வாயில் எதற்கு?

காரியவட்டத்தில் நம் வளாகத்திற்கு அருகே 1990-இல் தோன்றியது டெக்னோபார்க். அதன் காற்றுப் பட்டதாலோ என்னவோ, பழைய கணினியை வீட்டுச் சர்வராக்கும் ஆர்வம் நம் நண்பர்களையும் பற்றிக்கொண்டது. நன்றே! ஆயின், போர்ட் எனும் வாயில் இரண்டுடைய நெட்வொர்க் கார்டு வாங்கினால் வேகம் இரட்டிக்கும் என்கிறார்களே, அதை நான் மறுக்கிறேன்.

ஒரு ஜிகாபிட் வாயில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்குமேல் தாராது. இரண்டைப் பிணைத்தாலும், ஒரு கோப்பு பொதுவாக ஒரு கம்பி வழியேதான் ஓடும். இருவர் ஒரே வேளையில் கேட்டால் பயன் உண்டு. அதற்கும் பெரும்பாலும் பிணைப்பை ஏற்கும் சுவிட்சு வேண்டும். அதன் விலையை யார் எண்ணினார்கள்? வேகமே நாட்டமெனில் இருபுறமும் 2.5 ஜிகாபிட் கார்டு இடுக.

வெளி இணையம் ஒருபுறம், வீட்டுக் கணினிகள் மறுபுறம், நடுவே சர்வர் காவலாக நிற்பதாயின் இரு வாயில் வேண்டியதே. எனினும், நண்பரே, உதவித்தொகையை எடுக்குமுன் கணினியின் பின்புறத்தைச் சற்றுப் பாரும். அங்கே முன்பே ஒரு வாயில் இருக்கும்! ஒற்றை வாயில் கார்டு ஒன்று சேர்த்தால் கணக்குச் சரி. அது பழுதாயிருந்தால் மட்டும் இன்டெல் ஐ350 போன்றதைத் தேடும். சந்தையில் போலிகள் உண்டு. ஐப்பசி இடி முழங்கும் மாலைகளில் கம்பியைக் கழற்றிவிடவும் மறவாதீர்.