ஏட்டுக்கு உரியவர் யார்?

நெய்வேலி, நாட்டுக்கு ஒளி வழங்கும் ஊர். 1957 மே திங்களில் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல், சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல் நிலையம் மின்விசையை ஈன்றது. மண்ணைத் தந்த சிற்றூர்களும் வியர்வையைத் தந்த உழைப்பாளரும் சேர்ந்து ஏற்றிய விளக்கு அது!

அந்த ஊருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு, தோழர்களே! 1990களின் இறுதியில் அங்கே தொடங்கிய புத்தகக் கண்காட்சி, சுற்றுவட்டார மக்களின் அறிவுத் திருவிழாவாக வளர்ந்தது. நிலக்கரிச் சுரங்கத்தின் அருகிலேயே அறிவுச் சுரங்கம்! அத்தகைய ஊரிலும் இன்று இளைஞர் சிலர் கேட்கின்றனர்: "உள்ளங்கை அகலக் கருவிக்குள் ஆயிரம் நூல்கள் அடங்கும்போது, தாளும் மையும் எதற்கு?"

கேட்கட்டும். கேள்வியைக் கண்டு அஞ்சுவோர் அல்லர் நாம்.

கருவியை நாம் பழிக்க மாட்டோம். ஓலையைக் கட்டிக்கொண்டு தாளைத் தள்ளியிருந்தால் தமிழ் என்ன ஆகியிருக்கும்? 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் தந்தார். கரையான் வாயிலிருந்து மீண்ட செல்வம் அது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தீ தின்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. படிகள் பல இடங்களில் இருந்திருந்தால் அந்த இழப்பு அத்தனை கொடியதாய் இருந்திருக்குமா? 1998இல் அயல்நாட்டுத் தமிழர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், இலக்கியங்களை மின்வடிவில் விலையின்றி வழங்கியது. பார்வை மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். பார்வையற்றவர் செவிவழி நூலைக் கேட்கிறார். இவற்றை வேண்டாமென்பது அறிவுடைமை ஆகுமா?

மின்சாரம் இல்லையேல் கருவி ஊமையாகுமே என்பர் சிலர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது. நாட்டுக்கே மின்சாரம் தரும் மாவட்டத்தில், பல ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. உண்மைதான். ஆனால் மின்மைத் திரை கொண்ட கருவிக்குப் பக்கம் புரளும்போதுதான் விசை தேவை. ஒரு முறை ஊட்டினால் பல நாட்கள் தாங்கும். மின்சாரம் தீர்வது சிறு குறை. உரிமை தீர்வதுதான் பெருங்குறை!

என்ன உரிமை என்கிறீர்களா? 2009 சூலையில் நடந்ததைக் கேளுங்கள். கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் "1984", "விலங்குப் பண்ணை" நூல்களின் ஒரு பதிப்பை விலை கொடுத்து வாங்கியோர், ஒருநாள் அவை மறைந்திருக்கக் கண்டனர். விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லையென்று, அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே அவற்றை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தது. பின்னர் தவறென்று ஒப்புக்கொண்டது. ஆயினும், அழிக்கும் ஆற்றல் எவர் கையில் இருக்கிறது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கிய நூல்கள் அனைத்தும் போயின. பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை. ஓரத்தில் குறிப்பெழுதிப் படித்தவருக்கு 25 டாலர் ஈடாம்! சிந்தனைக்கு அவர்கள் கட்டிய விலை அது.

நம் அலமாரியில் உள்ள நூலை, விற்ற கடைக்காரர் நள்ளிரவில் வந்து எடுத்துச் செல்வாரா? சென்றால் அதற்கு என்ன பெயர்? கருவியில் நடந்தால் மட்டும் அது "விதிமுறை" ஆகிவிடுமா? விற்பனை என்ற பெயரில் நடப்பது வாடகை. இதை உணர்ந்தே கலிபோர்னியா மாநிலம், உரிமத்தை விற்பனை போலக் காட்டி மக்களை மயக்கக் கூடாதென 2024இல் சட்டம் இயற்றியது.

தோழர்களே! படிப்பகத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வாங்கிய ஏட்டைப் பத்துப் பேர் படித்தனர். ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவரும் கேட்டுத் தெளிந்தனர். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் கைமாறிக் கைமாறிக் கசங்கிய தாள்தான் நாட்டை விழிக்கச் செய்தது. தனி ஒருவரின் கணக்கில் பூட்டிய மின்னூல் அவ்வாறு கைமாறுமா?

வழியில்லாமல் இல்லை. சீர்காழியில் பிறந்த அரங்கநாதன், நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என 1931இலேயே விதி வகுத்தார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. 1949இல் பாரதியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. அறிவைப் பொதுவில் வைப்பது நமக்குப் புதிதன்று!

ஆகவே கேட்போம்: நாட்டுடைமையான நூல்கள் யாவும், எந்தக் கருவியிலும் திறக்கும் வடிவில், பிழை திருத்தப்பட்டுக் கிடைக்க வேண்டும். கிளை நூலகங்கள், நூலை வழங்குவதுபோல் படிப்புக் கருவிகளையும் இரவல் வழங்க வேண்டும். நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கும், சுரங்கத்துக்கு நிலம் ஈந்த உழவரின் மகனுக்கும் அவை எட்ட வேண்டும். கருவியைக் காட்டி, தாள் நூல் வாங்கும் நிதியில் ஒரு காசும் குறைக்கக் கூடாது.

நிலத்தடியில் புதைந்த கரி ஊரார் உழைப்பால் ஒளியாயிற்று. அது செல்வர் வீட்டுக்கு மட்டும் எரியும் விளக்காகிவிட நாம் இசைவோமா? மாட்டோம். அறிவுக்கும் அதுவே நீதி. தாளோ திரையோ, ஏடு மக்களுடையதாக இருக்கட்டும்! அதற்கான குரல், உங்கள் ஊர் நூலகத்தின் வாயிலிலிருந்தே எழட்டும்!