கையிலே போன், அடுப்படியிலே காஸ்!

போன மாதம் சூரமங்கலத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீடு. ரயில் சத்தத்துக்கு நடுவே நாங்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, அடுப்பிலே பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. சற்று நேரத்தில் குப்பென்று காஸ் நெடி! மருமகள் செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மாடி, உள்ளே போகாதே! அப்படியே வெளியே வா!" என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க அத்தை, போன்ல என்னங்க ஆபத்து?" என்று பிறகு கேட்டாள். நியாயமான கேள்விதானே!

சமையல் காஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் இந்த வாயு தரையோடு தேங்கி நிற்கும். பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். லைட் சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி! செல்போன் வழக்கமாகப் பொறி கக்குவதில்லை. ஆனாலும் அது பாட்டரியில் ஓடும் மின்சாதனம். வாயு சூழ்ந்த இடத்துக்கென்று செய்யப்பட்டதல்ல. அதைவிட, போன் பேசும் நேரமெல்லாம் நாம் வாயுவின் நடுவில் அல்லவா நிற்கிறோம்?

நம் சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பரில், ஒரு காலை வேளையில் காஸ் வெடித்து, வீடுகள் இடிந்து, உயிர்கள் பலியானதை மறக்க முடியுமா?

நெடி வந்தால் செய்ய வேண்டியது இதுதான். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். குழந்தைகளோடு வாசலைத் தாண்டி வந்த பிறகே போனை எடுத்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும்.

பெட்ரோல் பங்கில் செல்போன் அலையால் தீப்பிடித்ததற்கு உறுதியான சான்று இல்லை. உடையும் இருக்கையும் உராய்ந்து உண்டாகும் நிலைமின்சாரமே அங்கே பெரிய எதிரி. இருந்தாலும் போனைப் பையில் வையுங்கள். கவனம் சிதறினால் கைக்குழந்தையோடு ஸ்கூட்டரில் நிற்பவருக்கு ஆபத்துதானே?

இன்னொன்று. நாத்தனாரின் கணவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். அவரோ சட்டைப் பையில் போன்! பேரனும் தாத்தா மார்பில் சாய்ந்து போனில் பொம்மைப் படம் பார்க்கிறான். சில புதிய போன்களில் இருக்கும் காந்தம், மிக அருகில் வந்தால் இந்தக் கருவியின் வேலையை மாற்றிவிடக்கூடும். அரை அடியாவது, அதாவது 15 சென்டிமீட்டர், தள்ளி இருக்கட்டும். கருவி இடப்பக்கம் என்றால் வலது காதில் பேசச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் போனைக் கொண்டு போகவே கூடாது. அங்குள்ள பெரிய காந்தம் எப்போதும் வேலை செய்தபடியே இருக்கும்.

நான் புறப்படும்போது மருமகள் கூடத்து மாடத்தைத் துடைத்து, வீட்டிலுள்ள போன்களை எல்லாம் அதில் வரிசையாக வைத்திருந்தாள். "சமையல் முடியற வரைக்கும் இங்கேதானுங்க" என்றாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இடம் இருக்கட்டுமே!