பூசாத பக்கம் எப்படி?

முழங்காலிற் சிராய்ப்புடன் சிறுவன் அழுதுகொண்டு ஓடி வருகிறான். பாட்டி மஞ்சளை அரைத்துப் பூசுகிறாள். பத்து நாளிற் புண் ஆறிவிடுகிறது. "பார்த்தாயா, என் கைமருந்தை!" என்று பாட்டி பெருமை கொள்ளுகிறாள். மஞ்சள் பூசாதிருந்தால் அப்புண் ஆறியிராதா? தானாகவே ஆறும் புண்ணிற் பூசப்படும் எம்மருந்துக்கும் புகழ் கிடைத்துவிடுமன்றோ?

இவ்வினாவுக்கு வைத்தியர்கள் விடை கண்ட விதத்தை அறிய, தீக்காயத்துக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சை ஒன்றை நோக்குவோம். ஆழமாக வெந்த இடத்தை மூடுவதற்கு, நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோற் படலத்தைச் சீவியெடுத்து ஒட்டுவர். இதனால் நன்றாயிருந்த தொடையிலே புதுப் புண் ஒன்று உண்டாகிறது. ஒட்டிய இடத்திலும் எடுத்த இடமே அதிகம் நோகிறதென முறையிடுவோர் பலர். எனினும், ஆழத்தில் எஞ்சியுள்ள மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் இருக்கும் கலங்கள் பெருகிப் பரவி, ஏறத்தாழ இரண்டு வாரங்களிற் புதிய மேற்றோலை அமைத்துவிடும்.

உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு எடுக்கத்தக்க தோல் சொற்பமே. ஆறிய இடத்திலிருந்தே மீண்டும் எடுக்க நேரிடும். ஆதலின், ஒரு நாள் முந்தி ஆறுவதும் அவருக்குப் பேருதவியாகும்.

1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆய்வாளர், இளம் பன்றிகளின் தோலில் ஆழமற்ற காயங்களைச் செய்து, சிலவற்றைக் காற்றுப்பட விட்டார். சிலவற்றைப் பொலித்தீன் படலத்தால் மூடினார். பொருக்குக் கட்டிய காயங்களிலும் பார்க்க, ஈரம் காத்த காயங்களில் மேற்றோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவாகப் பரவிற்று.

1989இல் ஐக்கிய அமெரிக்காவிலே 12 நோயாளிகளிடம் ஒரு பரிசோதனை நடைபெற்றது. ஒவ்வொருவரிலும் தோல் எடுத்த இரண்டு இடங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஓரிடத்தில் வெள்ளி சல்பாடயசின் களிம்பு மட்டும் பூசப்பட்டது. மற்றையதில் அதே களிம்புடன் மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்னும் புரதமும் சேர்க்கப்பட்டது. எவ்விடத்தில் எது பூசப்பட்டதென்பது நோயாளிக்கும் தெரியாது. பார்வையிட்ட வைத்தியருக்கும் தெரியாது. ஒரே உடல், ஒரே வயது, ஒரே உணவு. வேறுபட்டது அப்புரதம் ஒன்றே. பன்னிருவரிலும் புரதம் சேர்த்த இடமே விரைந்து ஆறியது. முற்றாக ஆறும் காலம் சராசரியாக ஒன்றரை நாள் குறைந்தது.

பன்னிருவர் என்பது சிறு தொகை. ஒன்றரை நாளும் அற்புதமன்று. ஆயினும், பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்புநோக்கி அளந்து கண்டமையால் அதனை நம்பலாம்.

மாணவர்களே, பாட்டியின் மஞ்சளை இகழவேண்டாம். ஆனால் "இதைப் பூசினேன், ஆறிவிட்டது" என்று எவரேனும் கூறும்போது, பூசாத பக்கம் எப்படியிருந்தது என்று பணிவுடன் கேளுங்கள்.