‘தங்கல்’ தந்தையைப் புகழலாமா?

2016 டிசம்பரில் வெளிவந்த ‘தங்கல்’ இந்திப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று நம்மவர் பலர் பரிந்துரைக்கின்றனர். நாம் உடன்படவில்லை.

தமக்கு எட்டாத தங்கப்பதக்கத்தை மகள்கள் வழியே அடைய விழைகிறார் மல்யுத்த வீரரான தந்தை. விடியுமுன் ஓடவைக்கிறார், அழ அழக் கூந்தலை வெட்டச் செய்கிறார். பதினான்கு வயதில் மணமுடிக்கப்படும் தோழி, அத்தகைய தந்தை தனக்கு இல்லையே என ஏங்கியதும், யாவும் நியாயமாகிவிடுகிறது! அத்தோழியின் விருப்பத்தையும் எவரும் கேட்கவில்லை. இம்மகள்களின் விருப்பத்தையும் எவரும் கேட்கவில்லை. இதில் எது மேல்?

2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் கீதா போகாட் தங்கம் வென்றார், படமும் வந்தது. தோற்றுப்போன பிள்ளைகளின் தந்தையரைப் பற்றி யார் படமெடுப்பார்?

தம் விருப்பமின்றித் தந்தை முடித்துவைத்த நிக்காஹ் குறித்து கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதனை ரத்துச் செய்தார்கள். தந்தையின் உரிமைக்கும் எல்லை உண்டென்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் இங்கே வாலிகண்டபுரத்தில், ஃபஜ்ருக்கு எழுப்பப்படாத பிள்ளை ‘நீட்’ பயிற்சிக்காக நான்கு மணிக்கே எழுப்பப்படுகிறது. வளைகுடாவில் வியர்வை சிந்தும் அத்தாவின் கனவாம்! விடுப்பில் ஊர் வந்தபோதாவது, மருத்துவம் படிக்க விருப்பமா என்று அப்பிள்ளையிடம் அவர் கேட்டாரா?