குடுத்தவன் எங்கே?

மொஹாலிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பொட்டி தட்டுகிற வேலை. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பஞ்சாப்ல எல்லாரும் போதையிலதான் சுத்துறாங்களாமே, நெசமா?" 2016-இல் 'உட்தா பஞ்சாப்' படம் வந்ததிலிருந்து இதே கேள்விதான். "அதெல்லாம் சினிமா சித்தப்பா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். 2025 ஏப்ரலுக்கு அப்புறம் சமாளிக்க முடியவில்லை.

எங்கள் காலனிக்குப் பால் ஊற்றுகிற பெரியவருக்கு (இங்கே 'தோதி' என்பார்கள்) ஒரே மகன். 23 வயசு. ஐடிஐ முடித்தவன். மூன்று வருஷமாக 'சிட்டா' பழக்கம். சிட்டா என்றால் வெள்ளை, இங்கே ஹெராயினுக்கு அதுதான் பேர். நடுவில் எட்டு மாசம் அரசு கிளினிக்கில் மாத்திரை வாங்கி ஒழுங்காக இருந்திருக்கிறான். பிறகு வழுக்கி விழுந்திருக்கிறான். ஏப்ரலில் பிடித்தபோது அவனிடம் இருந்தது 6 கிராம். தனக்கும் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் சேர்த்து வாங்கி வந்தானாம்.

பெரியவர் என்னிடம் வந்தார். "சார்ஜி, இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதித் தரணும்." எழுதினேன். கிளம்பும்போது, "என் பையனைப் பிடிச்சது தப்புன்னு நான் சொல்லல. அவனுக்குக் குடுத்தவன் எங்க? அதை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

"இல்ல பாஜி" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

2025 மார்ச் 1-ஆம் தேதி பஞ்சாப் அரசு 'யுத் நஷியான் விருத்' என்று ஒரு போரை அறிவித்தது. போதைக்கு எதிரான யுத்தம். மே 31-க்குள் முடித்துக்காட்டுவோம் என்று கெடு வேறு. தினமும் ஓர் அறிக்கை வரும். இன்று இத்தனை இடத்தில் சோதனை, இத்தனை வழக்கு, இத்தனை பேர் கைது. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. அந்த ஸ்கோரில் ஒரு ரன் எங்கள் தோதியின் மகன்.

கெடு வைப்பது இங்கே புதுசு இல்லை. 2015 டிசம்பரில் பட்டிண்டா பொதுக்கூட்டத்தில் அமரிந்தர் சிங், சீக்கியர்களின் பிரார்த்தனை நூலைக் கையில் எடுத்து, ஆட்சிக்கு வந்தால் நாலே வாரத்தில் போதையின் முதுகெலும்பை உடைப்பேன் என்று சபதம் செய்தார். 2017-இல் ஆட்சிக்கும் வந்தார். சிறப்புப் படை அமைத்தார். 2018 ஜூலையில் அவருடைய அமைச்சரவை, முதல் தடவை பிடிபடும் போதை வியாபாரிக்கே தூக்கு வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரை அனுப்பியது. நாலு வாரம் போய் நாலு வருஷமும் போனது. ஆட்சி மாறியது. சிட்டா போகவில்லை.

சட்டம் போதவில்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 1985-இல் என்.டி.பி.எஸ். சட்டம். 1988-இல் கடத்தல்காரர்களை விசாரணை இல்லாமலே தடுத்து வைக்க ஒரு சட்டம். 1989-இல் குறிப்பிட்ட குற்றங்களை மறுபடி செய்தால் தூக்கு. 2002-இல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 111-ஆம் பிரிவு, கும்பலாகச் செய்யும் குற்றத்துக்கென்றே. அதில் போதைக் கடத்தலும் உண்டு. ஆயுதப்பூஜைக்கு வைக்கிற மாதிரி ஆயுதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறோம். எடுத்து யார் மேல் வீசுகிறோம் என்பதுதான் பிரச்சினை.

பையனின் 6 கிராமுக்கு வருவோம். சட்டத்தில் ஹெராயினுக்கு 5 கிராமுக்குக் கீழே 'சிறிய அளவு'. தண்டனை அதிகபட்சம் ஒரு வருஷம். 250 கிராமுக்கு மேல் 'வணிக அளவு', 10 முதல் 20 வருஷம். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் 10 வருஷம் வரை. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. 6 கிராம் என்றால் அந்தக் கதவு அடைபட்டது. கூட்டாளிகளுக்கும் சேர்த்து வாங்கியதால் அவன் 'வியாபாரி'.

இன்னொரு வேடிக்கை. தெருவில் விற்கிற சிட்டா சுத்தமாகவா இருக்கும்? என்னென்னவோ பொடி கலந்திருப்பார்கள். ஹீரா சிங் வழக்கில் 2020-இல் உச்சநீதிமன்றம், கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதாவது, பெரிய முதலாளி சுத்தமான சரக்கை வைத்திருப்பான். கடைசியில் வாங்குகிற பையனோ ஒரு கிராம் விஷத்தோடு நாலு கிராம் பொடியையும் சுமந்து, பொடிக்கும் சேர்த்து ஜெயிலுக்குப் போவான்.

இப்போது பெரிய சரக்கைப் பார்ப்போம். 2019 ஜூனில் அட்டாரி எல்லைச் சாவடியில், பாகிஸ்தானிலிருந்து வந்த உப்பு மூட்டைகளுக்குள் 532 கிலோ ஹெராயின் பிடித்தது சுங்கத்துறை. 2021 செப்டம்பரில் குஜராத் முந்த்ரா துறைமுகத்தில் 2,988 கிலோ. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த டால்க் கல் என்று கணக்கு. இறக்குமதி செய்த கம்பெனிக்கு விஜயவாடா முகவரி. அதை நடத்தியதாகக் கைதான தம்பதி இருந்தது நம்ம சென்னையில். (பஞ்சாபைப் பார்த்து உச்சுக் கொட்டுகிற நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்கவும்.)

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். முந்த்ராவில் பிடித்தது 29 லட்சத்து 88 ஆயிரம் கிராம். ஆளுக்கு 6 கிராம் என்று பிடித்தால் அந்த ஒரே சரக்குக்குச் சமமாக ஏறக்குறைய 5 லட்சம் பையன்களைப் பிடிக்க வேண்டும். தினமும் நூறு பேர் என்றாலும் 13 வருஷத்துக்கு மேல் ஆகும். அப்புறம் ஸ்கோர் பார்த்துக் கைதட்டுவதில் என்ன அர்த்தம்?

அந்த இரண்டு சரக்கும் சுவர் ஏறிக் குதித்து வரவில்லை. பில், கன்டெய்னர் எண், ஏஜென்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றோடும் ராஜபாட்டையில் வந்தது. காகிதத்தோடு வந்ததைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் துரத்த முடியும். லத்தியால் முடியாது.

இனி புல்டோசர். இந்தப் போரில் டிவிக்குப் பிடித்த காட்சி இதுதான். போதை வியாபாரி என்று சொல்லப்படுகிறவரின் வீட்டை இடிக்கிறார்கள். தெருவே வேடிக்கை பார்க்கிறது. உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 13-ஆம் தேதி, குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காகவே ஒருவர் வீட்டை இடிக்கக்கூடாது, நிர்வாகம் நீதிபதி ஆக முடியாது, 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்றெல்லாம் சொல்லியாயிற்று. பொது இடத்து ஆக்கிரமிப்புக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. இங்கே அதிகாரிகள் சொன்ன காரணமும் ஆக்கிரமிப்பு, அனுமதியில்லாத கட்டடம் என்பதுதான். இத்தனை வருஷம் கண்ணில் படாத ஆக்கிரமிப்பு கேமரா வந்த அன்றைக்குத்தான் பட்டதாக்கும்!

மனித உரிமை பேசுகிறான் என்று கிளம்பாதீர்கள். உரிமையை ஓரமாக வையுங்கள், துப்பறியும் கண்ணோடு மட்டும் பார்ப்போம். கடத்தல்காரன் கட்டிய வீடு என்பது என்ன? அது ஒரு சாட்சி. பத்திரம் யார் பேரில்? பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது? யார் பதிவு செய்து கொடுத்தது, எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்? இத்தனையும் அந்த வீட்டைச் சுற்றி இருக்கிறது. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 5ஏ அத்தியாயம் 1989-இலிருந்தே இதற்காக இருக்கிறது. 68எஃப் பிரிவில் சொத்தை முடக்கலாம். கடத்தல் பணத்தில் வந்தது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவன் பொறுப்பு. முடியாவிட்டால் பறிமுதல். பறிமுதலான சொத்தை விற்ற பணம் 7ஏ பிரிவின் கீழ் உள்ள தேசிய நிதிக்குப் போகலாம். அந்த நிதியை அடிமைகளின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் செலவிட அதே பிரிவு அனுமதிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அவன் வீட்டை விற்ற காசில் பையனுக்கு மாத்திரை. சட்டம் எழுதியவன் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறான்! நாம் அந்த வீட்டை இடித்து, செங்கல்லை லாரியில் அள்ளிப்போட்டுவிட்டு, கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம். முடக்கவும் செய்தார்கள், சில சொத்துக்களை. ஆனால் அது டிவியில் வராது. முடக்கும் உத்தரவில் புழுதி பறக்காதே!

பணத்தைத் துரத்தினால் நடக்குமா என்றால் நடக்கும். ஜக்தீஷ் போலா ஞாபகம் இருக்கிறதா? மல்யுத்த வீரர், அர்ஜுனா விருது வாங்கியவர், பஞ்சாப் போலீஸில் டிஎஸ்பியாக இருந்து நீக்கப்பட்டவர். செயற்கைப் போதைமருந்து வழக்கில் 2013-இல் கைதானார். அமலாக்கத்துறை பணத்தின் தடத்தைப் பிடித்துப் போய் வழக்கு நடத்தி, 2024 ஜூலையில் இதே மொஹாலி நீதிமன்றத்தில் அவருக்கு 10 வருஷம் வாங்கிக் கொடுத்தது. பதினோரு வருஷம் ஆனது, மறுக்கவில்லை. ஆனால் சாதாரண பையன் இல்லை, ஆள் பெரிய ஆள். காக்கிச் சட்டைக்குள்ளேயே வேர் போகிறது என்று ஊருக்குக் காட்டியதும் அந்த வழக்குதான்.

அந்த வேரைப் பற்றிப் பேசாமல் போர் பேசுவது சும்மா. என்.டி.பி.எஸ். வழக்குகளில் போலீஸ் சாட்சிகளே கோர்ட்டுக்கு வருவதில்லை என்று 2023-இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் வெளுத்து வாங்கியது. பிடித்தவரே சாட்சி சொல்ல வராவிட்டால் வழக்கு என்ன ஆகும்? வக்கீல் வைக்க வசதி இருக்கிறவன் வெளியே வருவான். இல்லாதவன் உள்ளே இருப்பான்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் சும்மா இருக்கவில்லை. 553 கிலோமீட்டர் எல்லை. ராத்திரியில் ட்ரோன் வந்து பொட்டலம் போட்டுவிட்டுப் போகிறது. 2024-இல் மட்டும் 200-க்கும் மேற்பட்ட ட்ரோன்களை எல்லைப் பாதுகாப்புப் படை இங்கே கைப்பற்றியது. குளிரில் வயல் வரப்பில் நிற்கிற ஜவானை நான் குறை சொல்ல மாட்டேன். 2017-இல் ஆரம்பித்த மாத்திரை கிளினிக்குகளும் உருப்படியான வேலைதான். ப்யூப்ரினார்ஃபினும் நாலோக்சோனும் சேர்ந்த மாத்திரை, நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வது. எங்கள் பையனை எட்டு மாசம் மனுஷனாக வைத்திருந்தது அதுதான், லத்தி இல்லை.

ஆனால் தேவை எவ்வளவு? 2015-இல் எடுத்த கணக்கெடுப்பில் பஞ்சாபில் மட்டும் ஓபியம் வகைக்கு அடிமையானவர்கள் சுமார் 2.3 லட்சம். முக்கால்வாசிப் பேர் 18 முதல் 35 வயது. 2019-இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த ஆய்வில், ஓபியம் வகைப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் நாடு முழுக்க சுமார் 77 லட்சம். இத்தனை பேரையும் ஜெயிலில் போட முடியுமா? போட்டால் ஜெயில் என்பது கும்பல்களுக்கு ஆள் எடுக்கிற கேம்பஸ் இன்டர்வியூ ஆகிவிடும். 6 கிராம் பையன் உள்ளே போய், 6 கிலோ ஆளோடு ஒரே பாரக்கில் படுத்து எழுந்து வருவான்.

நம்ம ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை', 2022 மார்ச்சில் 'கஞ்சா வேட்டை 2.0'. அங்கேயும் அதே ஸ்கோர். சாஃப்ட்வேர்க்காரனாகச் சொல்கிறேன், பக் சரியாகாமல் வெர்ஷன் நம்பரை மட்டும் ஏற்றினால் அதற்குப் பேர் அப்டேட் இல்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? அரசு எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, தினசரி அறிக்கையில் இந்த ஐந்து எண்களைப் போடட்டும்.

1. கைதானவர்களில் சிறிய அளவு எத்தனை, வணிக அளவு எத்தனை?

2. எத்தனை வழக்கில் சரக்கு கொடுத்தவன் வரை போய் அவனையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்தார்கள்?

3. எத்தனை சொத்து முடக்கம், அதில் எத்தனை கடைசிவரை பறிமுதல் ஆனது? பணம் எங்கே போனது?

4. சாட்சி சொல்லப் போகாத போலீஸ்காரர்கள் எத்தனை பேர்?

5. கிளினிக்கில் சேர்ந்தவர்களில் ஆறு மாசம் கழித்தும் வந்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்?

இந்த ஐந்தும் வரட்டும். நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

"உன் பிள்ளைக்கு இப்படி ஆகியிருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்பவர்களுக்கு: அது ஆன மனிதர்தான் என்னிடம் முதலில் கேட்டார், குடுத்தவன் எங்கே என்று.

பையன் ஜாமீனில் வந்துவிட்டான். மறுபடி கிளினிக் வரிசையில் நிற்கிறான். வழக்கு நடக்கிறது, 10 வருஷம் தலைக்கு மேல் தொங்குகிறது. பெரியவர் தினமும் காலையில் வருகிறார். பாலை ஊற்றிவிட்டு, "ஏதாவது தெரிஞ்சதா சார்ஜி?" என்பார். அவர் கேட்பது மகனின் வழக்கைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டிஸ்கி: போதை நல்லது என்றோ, பிடிக்கவே கூடாது என்றோ இதில் ஒரு வரிகூட இல்லை. இருப்பதாகத் தோன்றினால் தயவுசெய்து இன்னொரு தடவை படிக்கவும். அப்புறம் திட்டவும்.